ஒரு சம்பளச் செவிலி சொன்ன கிரிமியப் போர்

கிரிமியப் போர் என்றதும் கையில் விளக்கோடு வார்டுகளைச் சுற்றிவரும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்தான் நினைவுக்கு வருவார். பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே நமக்கு அறிமுகமானவர். அதே போரில் அவருக்குக் கீழே வேலை பார்த்து, அவரோடு மல்லுக்கு நின்று, அவர் போக வேண்டாம் என்ற இடத்துக்கே போய் உழைத்த பெட்ஸி கட்வாலடரை, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. போருக்குக் கிளம்பும்போது பெட்ஸிக்கு வயது 65.

வேல்ஸில் நிலைமை வேறு. 2009-இல் வட வேல்ஸின் அரசு மருத்துவச் சேவைகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தபோது, அந்த வாரியத்துக்கு பெட்ஸியின் பெயரைத்தான் வைத்தார்கள். ஏறக்குறைய 7 லட்சம் பேருக்கு மருத்துவம் பார்க்கும் அமைப்பு அது. ஆனால் பெயர் பரவியபோது கதை சுருங்கிவிட்டது. 'நைட்டிங்கேலை எதிர்த்து நின்ற துணிச்சல்காரப் பாட்டி' என்பதோடு பெரும்பாலான குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. இது பெட்ஸிக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை. கிரிமியப் போரைப் பற்றி அதிகாரிகள் எழுதினார்கள், டாக்டர்கள் எழுதினார்கள், பத்திரிகை நிருபர்கள் எழுதினார்கள், சம்பளம் வாங்காமல் சேவைக்குப் போன சீமாட்டிகளும் எழுதினார்கள். வாரக்கூலி வாங்கிக்கொண்டு புண்ணைக் கழுவி, அடுப்படியில் நின்ற செவிலிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நம்மிடம் சாட்சியம் மிகக் குறைவு. அந்தக் குறைவான சாட்சியங்களில் ஒன்று, இரண்டு பாகங்களாக விரியும் பெட்ஸியின் தன்வரலாற்று நூல்.

1789 மே மாதம், வட வேல்ஸின் பாலா என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பண்ணை வீடொன்றில் பிறந்தார். ஏரிக்கரை ஊர். அந்தக் காலத்தில் கையால் பின்னும் கம்பளிக் காலுறைகளுக்குப் பேர்போனது. அதைவிட முக்கியமாக, வேல்ஸ் மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான தாமஸ் சார்ல்ஸ் அங்கேதான் இருந்தார். பெட்ஸியின் அப்பா தஃபித் கட்வாலடரும் அந்த இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். வீட்டில் பதினாறு பிள்ளைகள். சின்ன வயதிலேயே தாய் இறந்துபோனார். பக்தியும் கண்டிப்பும் வறுமையும் ஒன்றாகக் குடியிருந்த வீடு.

ஊரிலிருந்த ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டு வேலையோடு ஆங்கிலமும் யாழ் வாசிப்பும் கற்றுக்கொண்டார். அங்கேயும் மனம் நிலைகொள்ளவில்லை. 14 வயதில் படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக இறங்கி லிவர்பூலுக்கு ஓடிவிட்டார். அப்புறம் வேலைக்காரியாகவே ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். வாட்டர்லூ போர்க்களத்தையும் போய்ப் பார்த்ததாகச் சொல்கிறார். ஊருக்குத் திரும்பியதும் கல்யாணப் பேச்சு எழ, மறுபடி ஓட்டம், இந்த முறை லண்டனுக்கு. கட்வாலடர் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையாததால் எலிசபெத் டேவிஸ் ஆனார். போர் ஆவணங்களிலும் இந்தப் பெயர்தான் இருக்கிறது. 1820-களில் ஒரு கப்பல் தலைவர் குடும்பத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல ஆண்டுகள் கடலிலேயே கழித்தார். பயணங்களில் கிறித்தவ மிஷனரி வில்லியம் கேரியையும் பிஷப் ஹீபரையும் சந்தித்ததாக அவர் நூல் சொல்கிறது. 1826-இல் திருச்சியில் இறந்து, இன்றும் அங்கே ஒரு கல்லூரியின் பெயரில் இருக்கும் அதே ஹீபர்தான்.

இருபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார்கள் என்றும் ஒரு கணக்கு உண்டு. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சரி, இதையெல்லாம் அப்படியே நம்பலாமா? வயதான காலத்தில் ஞாபகத்திலிருந்து சொன்ன கதை. தேதிகள் குழம்புகின்றன, சில சம்பவங்கள் கதைக்குரிய மெருகோடு வந்து விழுகின்றன. முதல் ஐம்பது வருடத்துச் சாகசங்களை அவர் சொன்னபடி ரசிக்கலாம். வரலாற்று ஆதாரமாக எடுக்கும்போது நிதானம் வேண்டும். போர்க்காலத்துப் பகுதி அப்படியில்லை. மருத்துவமனை நிலைமையைப் பற்றி அவர் சொல்வதை வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒப்பிட்டால் பெரும்பாலும் நிற்கிறது.

கதையைச் சொன்னது பெட்ஸி. கேட்டு எழுதியவர் ஜேன் வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர், இஸ்கவெல் என்ற புனைபெயர் கொண்டவர். இவர் யார் என்பது தெரிந்தால்தான் இந்தப் புத்தகம் ஏன் எழுதப்பட்டது என்பது புரியும். 1847-இல் பிரிட்டிஷ் அரசு வேல்ஸின் கல்வி நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வேல்ஸ் மொழி தெரியாத மூன்று ஆங்கிலேயர்கள் தயாரித்தது. பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள், அந்த மக்களின் மொழியையும் மதப் பிரிவுகளையும் பழித்து, பெண்களின் ஒழுக்கத்தையே சந்தேகித்து எழுதிவிட்டார்கள். வேல்ஸ் கொந்தளித்தது. 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று அதை இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்த அறிக்கைக்கு உடனே பதில் எழுதியவர்களில் ஜேன் வில்லியம்ஸும் ஒருவர். பத்தாண்டு கழித்து அதே கைதான், வேல்ஸ் கிராமத்தில் ஒரு பிரசங்கியாருக்குப் பிறந்து பேரரசின் போரில் உழைத்த பெண்ணின் வாழ்க்கையை எழுத முன்வருகிறது. 1857-இல் வந்த அந்த நூலின் தலைப்பிலேயே 'தஃபித் கட்வாலடரின் மகள்' என்று போட்டிருக்கிறார்கள். இந்தப் பெண் எங்கிருந்து வந்தவள் என்று உலகத்துக்குச் சொல்லும் பிடிவாதம் அதில் தெரிகிறது.

இனி போர். 1854 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கிப் பேரரசுக்கு ஆதரவாக ரஷ்யாவுக்கு எதிராக இறங்கின. செப்டம்பர் 20-இல் கருங்கடலோரக் கிரிமியாவின் ஆல்மா ஆற்றங்கரையில் முதல் பெரிய சண்டை. வெற்றிச் செய்தியோடு வேறொரு செய்தியும் வந்தது. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணியில்லை, கவனிக்க ஆளில்லை என்று 'தி டைம்ஸ்' பத்திரிகை எழுதியது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கன்னியாஸ்திரீகள் இருந்தார்கள். பிரிட்டிஷ் படையிடம் அப்படியொரு ஏற்பாடே இல்லை. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலிடம் பொறுப்பைக் கொடுத்தார். 38 பெண்களோடு அவர் நவம்பர் 4-இல் இஸ்தான்புல்லின் ஆசியக் கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆல்மா செய்தியைப் படித்துத்தான் பெட்ஸியும் கிளம்ப முடிவெடுத்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் செவிலியாக வேலை செய்தவர். அந்தக் காலத்தில் பிரிட்டனில் பெரும்பாலான செவிலியருக்கு முறையான பள்ளிப் பயிற்சி கிடையாது. வார்டில் நின்று கண்ணால் பார்த்துக் கையால் பழகியதுதான் படிப்பு. மேரி ஸ்டான்லி தலைமையில் டிசம்பரில் அனுப்பப்பட்ட இரண்டாவது குழுவில் பெட்ஸி இடம்பிடித்தார். சீமாட்டிகள், கன்னியாஸ்திரீகள், சம்பளச் செவிலிகள் என்று 40-க்கு மேற்பட்ட பெண்கள்.

போன இடத்தில் வரவேற்பு இல்லை. இரண்டாவது குழுவை நைட்டிங்கேல் கேட்கவே இல்லை. ஹெர்பர்ட் தன்னைக் கலக்காமல் அனுப்பிவிட்டார் என்று அவருக்குக் கடுங்கோபம். இதில் நைட்டிங்கேல் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டாளத்து டாக்டர்களுக்குப் பெண்கள் வந்ததே பிடிக்கவில்லை. அவர் முதலில் வந்தபோது நாள்கணக்கில் வார்டுக்குள்ளேயே விடவில்லை. கிரிமியாவில் நடந்த இங்கர்மன் சண்டையின் காயக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய பிறகுதான் உதவி கேட்டார்கள். டாக்டர் சொல்லாமல் எந்தச் செவிலியும் எந்த நோயாளிக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்ற கடும் விதியை அவர் போட்டதற்குக் காரணம் இதுதான். ஒருத்தி வரம்பு மீறினாலும் மொத்தப் பேரையும் கப்பலேற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் இன்னும் நாற்பது பேர் வந்து நின்றால்?

புதிதாக வந்தவர்கள் பொஸ்போரஸ் நீரிணையின் கரையிலுள்ள தெராபியாவில் வாரக்கணக்கில் சும்மா காத்துக் கிடந்தார்கள். பிறகு ஸ்கூட்டாரிக்குக் கூட்டிப்போகப்பட்ட பெட்ஸிக்குக் கிடைத்த வேலை, சட்டைகளைப் பிரித்து அடுக்குவதும் பழைய துணியை ஒட்டுப்போட்டுத் தைப்பதும். நோயாளி பக்கமே விடவில்லை. பிரிட்டிஷ் மக்கள் அன்போடு அனுப்பிய பொருட்கள் கெட்டு வீணாகிக் கிடந்ததைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. மேலே இருப்பவர்களுக்கு ஒரு சாப்பாடு, செவிலிகளுக்கு ஒரு சாப்பாடு என்றிருந்ததையும் நூலில் கோபத்தோடு பதிவு செய்கிறார். கப்பலில் இருபது முப்பது பேருக்குச் சமைத்துப்போட்டுப் பழகியவருக்கு, பசித்தவன் பக்கத்திலேயே உணவு அழுகுவது ஒரு விதியின் பேரால் நடந்தாலும் குற்றம்தான்.

கிரிமியாவுக்கே போகிறேன் என்று கேட்டார். நைட்டிங்கேல் சம்மதிக்கவில்லை. போனால் வேறொரு மேற்பார்வையாளரின் கீழ்தான் இருக்க வேண்டும், தான் பொறுப்பேற்க முடியாது என்றார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிட நான் என்ன நாயா, மிருகமா, எனக்கென்று ஒரு மனசு இருக்கிறது என்று பெட்ஸி திருப்பிக் கேட்டதாக நூல் சொல்கிறது. வெறும் வாய்ச்சண்டையாக இதைப் படித்துவிட்டுப் போகக் கூடாது. நைட்டிங்கேலின் நியமனக் கடிதத்தில் 'துருக்கியிலுள்ள' பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகளின் பெண் செவிலியர் கண்காணிப்பாளர் என்றுதான் இருந்தது. கிரிமியாவோ ரஷ்யாவின் மண். அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் ஹால் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நைட்டிங்கேலின் அதிகாரத்தை ஏற்க மறுத்துவந்தார். 1856 மார்ச்சில், போர் முடியும் தறுவாயில்தான் கிரிமியாவிலும் அவருக்கே அதிகாரம் என்று உத்தரவு வந்தது. ஆக, 1855-இன் தொடக்கத்தில் பெட்ஸி கருங்கடலைக் கடந்தபோது, மீறினார் என்று சொல்லத்தக்க தெளிவான விதி ஏதும் இருக்கவில்லை.

பாலக்லாவா சின்னத் துறைமுகம். ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் படைக்கு அதுதான் கடல்வாசல். முகாமுக்கும் அதற்கும் சுமார் 10 கிலோமீட்டர் தூரம், அந்தப் பாதை முழுக்க முழங்கால் சேறு. 1854 நவம்பர் 14-இல் அடித்த புயலில் குளிர்கால உடைகளோடு வந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் துறைமுக வாசலிலேயே மூழ்கியது. வீரர்கள் கோடைகால உடுப்போடு ரஷ்யப் பனியில் பதுங்குகுழிகளில் நின்றார்கள். பெட்ஸி போய்ச் சேர்ந்த நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர் குண்டடி பட்டவர்களே அல்ல. குளிரும் பட்டினியும் பேதியும் வீழ்த்தியவர்கள்.

முதல் நாள் வார்டைப் பற்றி அவர் சொல்வது கல்நெஞ்சையும் கலங்க வைக்கும். அவர் தொட்ட முதல் ஆளுக்குப் பனிக்கடி. காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தார். இரண்டு பாதங்களின் விரல்களும் துணியோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டன. இன்னொருவனுக்குக் கை மணிக்கட்டோடு விழுந்தது. பல பேருடைய கட்டுகளை வாரக்கணக்கில் யாரும் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஆல்மாவில் காயம்பட்ட ஒருவனின் புண்ணிலிருந்து ஒரு லிட்டர் அளவுக்குப் புழுக்களை எடுத்ததாகவும், மற்றவர்களிடமிருந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளியதாகவும் சொல்கிறார். எதையும் அலங்கரிப்பதில்லை. பிரித்தேன், கழுவினேன், கட்டினேன் என்று போய்க்கொண்டே இருக்கிறார். நோயாளிக்குக் கீழே விரித்திருந்தது என்ன, அது எத்தனை நாளாக மாற்றப்படவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்கிறார். வேலை தெரிந்தவரின் கண் அது.

ஆறு வாரம் போல வார்டு வேலை. பிறகு சமையற்கட்டின் பொறுப்பு, குறிப்பாக நடமாட முடியாதவர்களுக்கான தனி உணவு. போர் மருத்துவமனையில் சமையலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும் என்று தோன்றலாம். ஸ்கூட்டாரியில் சமையல் எப்படி நடந்தது என்று தெரிந்தால் கேட்க மாட்டோம். கறி, எலும்போடு சேர்த்து எடைக்கு எடை பங்கிடப்படும். ஒவ்வொரு வார்டுக்காரனும் தன் பங்கைக் கட்டி, அடையாளத்துக்குக் கந்தல் துணியோ பொத்தானோ முடிந்து பெரிய அண்டாவில் போடுவான். முதலில் போட்டது குழைந்துவிடும், கடைசியில் போட்டது பச்சையாகவே வெளியே வரும். ஒருவன் பங்கில் கறி இருக்கும், பக்கத்திலிருப்பவனுக்கு வெறும் எலும்பு. பேதியில் குடல் வெந்து கிடப்பவனுக்கு இதைக் கொடுத்து என்ன பயன்? அவனுக்குத் தேவை ஆரோரூட் கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, எலும்பு சூப், கொஞ்சம் ஒயின். கிருமிக்கொல்லி மருந்துகள் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. டாக்டரால் காப்பாற்ற முடியாத பலரைக் கஞ்சியும் சுத்தமான விரிப்பும் காப்பாற்றின. விடியும் முன்பே எழுந்து, ஒரு நாளில் இருபது மணி நேரம்கூட பெட்ஸி நின்றதாகச் சொல்வார்கள். 65 வயதில்.

இங்கேதான் அடிப்படையான மோதல் இருக்கிறது. பொருள் வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு எழுத வேண்டும், அது பண்டகசாலை அதிகாரிக்குப் போக வேண்டும், அவர் கையெழுத்து போட வேண்டும். சீட்டு வரும்வரை பொருள் வராது. பெட்ஸிக்கு அந்தப் பொறுமை இல்லை. இருப்பதைக் கேட்டு, சண்டை போட்டு, தேவைப்பட்டால் தானே எடுத்துச் சமைத்துப்போட்டார். ஊதாரித்தனம் என்று புகார் வந்தது. நைட்டிங்கேலும் உண்மையில் இதே நோயைத்தான் எதிர்த்துக்கொண்டிருந்தார். 'தி டைம்ஸ்' திரட்டிய நிதியைக் கொண்டு அரசு தராத பொருட்களை வெளியில் வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் அவர் கையில் பணமும் அமைச்சரின் நட்பும் இருந்தன. பெட்ஸி கையில் கரண்டி மட்டும்தான்.

யார் சொன்னது சரி? பிரிட்டிஷ் அரசே அனுப்பிய மெக்நீல், டலக் விசாரணைக் குழு 1856-இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். ஸ்கர்வி என்ற ஊட்டக்குறை நோயால் வீரர்கள் பல் உதிர்ந்து கிடந்த நேரத்தில், அதற்கு மருந்தான எலுமிச்சைச் சாறு சுமார் 20,000 பவுண்டு எடை 1854 டிசம்பரிலேயே பாலக்லாவாவுக்கு வந்துவிட்டது. பிப்ரவரி வரை யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கச் சொல்லி உத்தரவில்லை என்பதால். வறுக்காத பச்சைக் காபிக் கொட்டையை, வறுக்க விறகுகூட இல்லாத வீரர்களுக்குப் பங்கிட்டார்கள். போரில் இறந்த சுமார் 21,000 பிரிட்டிஷ் வீரர்களில் நான்கில் மூன்று பங்கினர் செத்தது நோயால். சமையற்கட்டிலிருந்து பெட்ஸி பார்த்துச் சொன்னதைத்தான் விசாரணைக் குழு வேறு வார்த்தைகளில் எழுதிக்கொடுத்தது.

1855 மே மாதம் நைட்டிங்கேல் பாலக்லாவா வந்தார், வந்த இடத்தில் கடுங்காய்ச்சலில் விழுந்து சாவின் விளிம்புக்கே போனார். பெட்ஸியின் முறைகள் அவருக்கு உவப்பாக இல்லாவிட்டாலும், அங்கே நடந்த மாற்றத்தைப் பார்த்து அவர் உழைப்பை ஒப்புக்கொண்டார். அந்த நியாயத்தை நைட்டிங்கேலுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பெட்ஸியோ கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டபோதே பிடிக்கவில்லை என்று புத்தகத்தில் எழுதவைத்தார். சில இடங்களில் அவர் நைட்டிங்கேலுக்கு அநியாயம் செய்கிறார் என்றே நினைக்கிறேன். நோயாளிகள் சாவதைப் பார்த்தும் சட்டை மடித்துக்கொண்டிருக்க நேர்ந்த வாரங்களை அவரால் மறக்க முடியவில்லை.

காலராவும் ரத்தபேதியும் பெட்ஸியையும் பிடித்தன. போர் முடியும் முன்பே, 1855-இல் பிரிட்டன் திரும்பினார். லண்டனில் சகோதரி வீட்டில் ஒண்டிக்கொண்டு, வறுமையில் வாழ்ந்து, 1860 ஜூலை 17-இல் இறந்தார். ஏபனி பார்க் இடுகாட்டில் ஏழைகளுக்கான பகுதியில் புதைத்தார்கள். அதே 1860-இல்தான் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேலின் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 25-லிருந்து 35 வயதுக்குள் இருப்பவர்கள், நன்னடத்தைச் சான்றிதழ் உள்ளவர்கள் வேண்டும் என்று கேட்டது. செவிலிப் பணி மரியாதைக்குரிய தொழிலானதற்கு அந்தப் பள்ளி ஒரு பெரும் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மரியாதையைக் கட்டும்போது, முன்பிருந்த செவிலிகள் எல்லோரும் குடிகாரிகள், படிப்பறிவில்லாதவர்கள் என்ற சித்திரமும் சேர்ந்தே கட்டப்பட்டது. பெட்ஸி போன்ற, கைவேலையில் தேர்ந்த மூத்த பெண்கள் அந்தச் சித்திரத்துக்குள் காணாமல் போனார்கள்.

பெட்ஸி இறந்து 150 வருடம் கழிந்த பிறகு, 2012-இல்தான் ஏபனி பார்க்கில் அவருக்கு நினைவுக்கல் வந்தது. புத்தகம் அதற்கு முன்பே உயிர்பெற்றுவிட்டது. ஹொன்னோ என்ற வேல்ஸ் பெண்கள் பதிப்பகம் 1987-இல் மறுபதிப்பு போட்டது. ஆங்கிலத்தில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கப்பல், கல்யாணப் பேச்சு, தப்பியோடல் எல்லாம் சுவாரசியம்தான், ஆனால் அவற்றிலேயே நேரம் போய்விடும். இரண்டாம் பாகத்தில் ஸ்கூட்டாரிக்குப் போய் இறங்கும் இடத்தைத் திறவுங்கள். பட்டாளத்துப் பண்டகசாலையும் அடுப்பும் கட்டுத்துணியும் எப்படி இருந்தன என்று அவற்றோடு மல்லுக்கட்டியவரே சொல்கிறார். படித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தப்பிய சிறுமியிடம் திரும்பிப் போகலாம்.